ஒத்திகைச் சாமான்கள்

முகம் தெரியாதவனுக்கு ஓசியில் உழைத்துக் கொடுத்துவிட்டு, அவன் சரியென்று ஒரு வார்த்தை சொல்வானா என்று காத்துக் கிடக்கிற காலமாகிவிட்டது என்று ஸ்தனிஸ்லாஸ் வழிநெடுக முனகிக்கொண்டே வந்தார். திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் எடை போட்டே வயசான மனிதர். யாரையும் நம்ப மாட்டார். தராசையே ரெண்டு தரம் தட்டிப் பார்ப்பார். முன்னால் வேகமாக நடந்த மகள் ஐரின் எதையும் காதில் வாங்கவில்லை. வீட்டில் காலையிலேயே கரண்டு போயிருந்தது. பேகம்பூரில் மெஹராஜ் நடத்தும் பிரவுசிங் சென்டரில்தான் ஜெனரேட்டர் ஓடும்.

சென்னைக் கம்பெனி ஆள் குறைத்தபோது வீடு திரும்பியவள் ஐரின். வந்ததிலிருந்து கம்பைலர் என்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். மனிதர்கள் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவதாம் அது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து சும்மா செய்வது. யாரும் திருத்தி அனுப்பலாம். தலைமையில் இருக்கிறவன் ஒப்புக்கொண்டால்தான் சேரும். இவளுடையதை அவன் இரண்டு தரம் திருப்பிவிட்டான். இப்போது அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மூன்றாவதும் திரும்பினால் அந்தப் பக்கமே போவதில்லை, அப்பா சொல்லி வைத்திருக்கிற வேடசந்தூர் மில் ஆபீசுக்குத் திங்கட்கிழமை வண்டி ஏறிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்குக்குக் காவலாகத்தான் அவர் கூடவே வந்தார்.

பழுது என்னவென்று பாஸ்கா நாடகத்தை வைத்துத்தான் அவருக்குச் சொல்லியிருந்தாள். இயேசு சிலுவையில் மாண்ட கதையைத் தவக்காலத்தில் கோயிலில் நாடகமாகப் போடுவார்கள்; அதற்குச் சிலுவை, ஈட்டி, சவுக்கு எல்லாம் அவர் பொறுப்பு. புரோகிராம் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் சில பகுதிகளைத் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்ளும், அது ஒத்திகை. நிஜமாக ஓடும்போது காட்சி முடிந்ததும் எடுத்த பொருள் எல்லாம் ஒதுங்க வைக்கப்படுகிறது. ஒத்திகையில் மட்டும், காட்சி பாதியில் நின்றால் போட்டது போட்டபடி கிடக்கிறது. அடுத்த காட்சிக்கு வருகிறவன் அதில் தடுக்கி விழுகிறான்; கம்பைலரே குப்புற விழுகிறது. ஒத்திகைதானே, எவன் பார்க்கிறான் என்று இத்தனை நாள் விட்டுவிட்டார்களாம். மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் இது அவருக்குப் புரிந்தது. ஒத்திகைக்கு எடுத்த ஈட்டியைக் கோயில் கிணற்றடியில் போட்டுவிட்டுப் போன பயல்களை அவர் விரட்டி விரட்டி வைதிருக்கிறார்.

மெஹராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு, காவலுக்கு வந்தீங்களாய்யா என்று சிரித்தாள். மெயில் திறக்க நேரம் பிடித்தது. சும்மா இருக்க முடியாமல் ஸ்தனிஸ்லாஸ் மகளைச் சீண்டினார்.

“ஏம்மா, சிலுவைய முழுசாத் தூக்கக்கூட இல்ல, பாதியிலயே ஓடிட்டான்னு வையி. அத எவன் எறக்குவான்?”

ஐரின் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அதக் கேட்டுத்தான்பா ரெண்டாந் தடவ திருப்பிவிட்டாங்க. முழுசா எடுத்தத மட்டும் எறக்கணும், கடைசியா எடுத்தது மொதல்ல. இப்ப எங்கன நின்னாலும் சரியா எறக்கும்.”

மெயில் திறந்தது. அவள் ஒருமுறை படித்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“சேத்துட்டாங்கப்பா.”

திருப்பிவிட்ட அதே ஆள்தான் எழுதியிருந்தான். எப்படியெல்லாமோ உடைத்துப் பார்த்தானாம், விழவேயில்லையாம். அடுத்த வெளியீட்டிலேயே வருகிறதாம். இனி அந்தப் பகுதி முழுவதையும் நீயே பார்த்துக்கொள்கிறாயா என்றும் கேட்டிருந்தான். கல்லாவை விட்டு ஓடிவந்த மெஹராஜ், தடுப்புக்குள் கேம் ஆடிக்கொண்டிருந்த பையன்களை, ஏலே இங்கிட்டு வந்து பாருங்க, பேகம்பூருல உக்காந்து இந்தப் புள்ள என்ன செஞ்சிருக்குன்னு, என்று அதட்டி எழுப்பினாள். எல்லாருக்கும் டீ சொன்னாள். ஐரின் சிரித்தாள். ஊர் திரும்பியதிலிருந்து அந்தச் சிரிப்பை அவர் கேட்கவில்லை.

“சம்பளம்?”

“இல்லப்பா.”

“அவன் மூஞ்சியவாவது பாத்திருக்கியா?”

“இல்ல.” திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். “இது ஏம்பேரு.”

ஸ்தனிஸ்லாஸ் குனிந்து பார்த்தார். “நாளைக்கி எவனாச்சும் அழிச்சுட்டு அவன் பேர எழுதிக்கிட்டா?”

“அழிச்சது யாருன்னும் அதுலயே நிக்கும்பா.”

“ஒங்க பேட்டைத் தராசுக்கு இது தேவலைங்கய்யா,” என்றாள் மெஹராஜ். பையன்கள் சிரித்தார்கள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “மில்லுக்காரன்ட்ட நாஞ் சொல்ல மாட்டேன். வரலைன்னு நீயே சொல்லிக்க.”

டீ வரும்வரை நிற்கவில்லை. தெருவில் பள்ளிவாசலைத் தாண்டி ஒரு ஆட்டு மந்தை வழியை அடைத்துக்கொண்டு வந்தது. கடை வாசலில் நின்ற ஒருவர், உள்ளே என்னங்கய்யா ஒரே ஆர்ப்பாட்டம் என்று கேட்டார்.

“எவனோ சரின்னுட்டானாம்,” என்றார் ஸ்தனிஸ்லாஸ். “பாப்போம்.”

ஆடுகள் ஒதுங்கவில்லை. அவரும் ஒதுங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மந்தைக்குள் இறங்கி நடந்தார். அவர் போகப் போக ஆடுகள் முன்னால் வழி விட்டு, பின்னால் சேர்ந்துகொண்டே வந்தன.