மெழுகுச் சாவிக்குப் பன்னிரண்டு முத்திரை

ஒரு கதையை இப்படியா நிறுத்துவார்கள்? டாரியா கோவல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்தது வெற்றுத்தாள். அதற்கடுத்தது பின்னட்டை. யாராவது நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டார்களோ என்று தையலை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் கிழியவில்லை. எழுதியவரே அப்படித்தான் நிறுத்தியிருந்தார்.

புத்தகத்தின் பெயர் 'மெழுகுச் சாவி'. மூன்று பாகத்தில் முதலாவது. அந்த நாட்டில் எந்த வீட்டுச் சாவியும் வீட்டுக்காரனிடம் இருக்காது, எல்லாம் ராஜாவின் அரண்மனையில். சொந்த வீட்டுக் கதவைத் திறக்கவே காவலனைக் கெஞ்ச வேண்டும். பூட்டுக்காரன் மகள் வெஸ்னா, மெழுகில் அச்செடுத்துக் கள்ளச்சாவி செய்கிறாள். அவளுடைய அண்ணன் முதல் அத்தியாயத்திலேயே ஆற்றோடு போய்விடுகிறான், உடல் கிடைக்கவில்லை. கதைகளில் உடல் கிடைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பது பதினைந்து வயதுக்காரிக்குத் தெரியாதா? நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வெஸ்னா அரண்மனை நிலவறையின் கடைசிக் கதவைத் திறக்கிறாள். உள்ளே கும்மிருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், "வந்துட்டியா, சுண்டெலி?" என்கிறது. அண்ணன் ஒருவன்தான் அவளை அப்படிக் கூப்பிடுவான். அத்தோடு சரி, புத்தகம் தீர்ந்தது.

டாரியாவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும். ஆனால் ஹாலிடன் ஊரில் ஆயிரத்து நூறு பேர் இருந்தும் கோதுமை, ஹாக்கி, அடுத்த வீட்டுக்காரனின் புது டிராக்டர் ஆகிய மூன்றைத் தவிர வேறு எதையும் பேசுகிற ஜீவன் ஒன்றுகூட இல்லை என்பது அவளது முடிவு. நெருங்கிய தோழியிடம் ஆரம்பித்தாள். அவளோ, அது மந்திரவாதிக் கதையா என்று கேட்டுக் கொட்டாவி விட்டாள். அந்த இடத்திலேயே நட்பை முறித்துக்கொள்ளலாமா என்று டாரியா யோசித்தாள்.

அது தொண்ணூற்று நான்காம் வருஷம், அக்டோபர். புத்தகக் கடைக்குப் போவதென்றால் வின்னிபெக்குக்கு மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். ஒருமுறை படித்தால் தீர்ந்துபோகிற சாமானுக்கு யாராவது அவ்வளவு தூரம் பெட்ரோலை எரிப்பார்களா என்று அம்மா கேட்டுவிட்டாள். மிச்சமிருந்தது நூலகம்தான். செவ்வாய், வியாழன், சனி மட்டும் திறக்கும் ஒற்றை அறை. அதன் ஒரே அதிகாரி மிஸஸ் ஃப்ரீசன்.

நாலாவது முறையும் படித்து முடித்து, இரண்டாம் பாகம் கேட்டு வந்தவளிடம் மிஸஸ் ஃப்ரீசன் புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த தேதித்தாளைக் காட்டினார். நான்கு முத்திரை இருந்தது. "நாலும் நீ. தலைமை ஆபீஸ் கணக்குல அது ஒரு ஆளுதான்," என்றார். பிறகு விதியைச் சொன்னார். ஒரு தொடரின் முதல் புத்தகத்தைப் பன்னிரண்டு வெவ்வேறு பேர் எடுத்திருந்தால்தான் இரண்டாவதை வாங்கி அனுப்புவார்கள். டிசம்பர் முடிவதற்குள் அது நடக்காவிட்டால், முதல் புத்தகத்தையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பழைய புத்தக விற்பனைக்குப் போட்டுவிடுவார்கள்.

இன்னும் பதினொரு பேர். படிக்கிறவர்கள் பதினொரு பேரை அந்த ஊரில் தேடுவதைவிடக் கல்லில் நார் உரிக்கலாம். அதனால் டாரியா குறுக்குவழியில் இறங்கினாள். படிக்கவே வேண்டாம், உங்கள் கார்டில் எடுத்துக்கொண்டு போய் அடுத்த முறை நூலகம் திறக்கும்போது திருப்பிக் கொடுத்தால் போதும் என்று ஆள் ஆளாகக் கெஞ்சினாள். முடி வெட்டும் ஜோலீன் சரி என்றாள். தபால் நிலையத்துக்காரர், லூத்தரன் பாதிரியார், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் என்று ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஐந்தாவதாக மாட்டியவர் லோர்ன். ஹாக்கி அரங்கில் ஆட்ட இடைவேளைகளில் ஐஸ் தரையை வழித்துச் சமமாக்கும் வண்டி ஓட்டுகிறவர். அறுபதை நெருங்கிய கட்டை ஆள். பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி இருப்பார். அட்டையில் மெழுகுவத்தி ஏந்திய பெண்ணைப் பார்த்ததும் அவருக்குக் காது சிவந்துவிட்டது. மாட்டுத்தீவனக் கடைப் பையில் சுற்றித்தான் எடுத்துப்போனார்.

ஒருத்தராவது சொன்ன தேதியில் திருப்பித் தந்தார்களா? ஜோலீன் ஒன்பது நாள் வைத்திருந்தாள். பாதிரியார் மறந்துவிட்டதாகச் சொன்னார். லோர்ன் முழுசாக இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, கண்ணாடி காணாமல் போய்விட்டது என்று சம்பந்தமில்லாத ஒரு காரணம் சொன்னார். அம்மாவின் முறை வந்தபோது புத்தகம் குளியல் தொட்டி ஓரத்தில் கிடந்தது. தொலைந்துவிடக் கூடாதென்று அங்கே வைத்தேன் என்றாள் அம்மா. டாரியாவும் நம்பினாள். நானூறு பக்கக் கதையில் ஒளிந்திருக்கிற துப்பையெல்லாம் மோப்பம் பிடிக்கிறவளுக்குச் சொந்த வீட்டில் மூக்கு அடைத்திருந்தது.

டிசம்பர் இருபத்தொன்பதில் பன்னிரண்டாவது ஆளின் முத்திரை விழுந்தது. பிப்ரவரி நடுவில், ஒரு வியாழக்கிழமை, தலைமை அலுவலக வேனில் இரண்டாம் பாகம் வந்து இறங்கியது. பள்ளிப் பேருந்திலிருந்து குதித்து ஓடி வந்த டாரியாவிடம் மிஸஸ் ஃப்ரீசன் மெதுவாகச் சொன்னார், புத்தகம் மத்தியானமே போய்விட்டதென்று.

"எங்க போச்சு?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க. வந்ததும் வேணும்னு முன்னாடியே சீட்டு எழுதிப் போட்டிருந்தாங்க. நீ போடலையே, டாரியா."

அவளுக்குச் சீட்டு எதற்கு? அவளுடைய புத்தகமல்லவா அது! எழுதிப் போட்டிருந்தவர்கள் ஒன்பது பேர். இப்போது எழுதினால் அவள் பத்தாவது. ஆளுக்கு இரண்டு வாரம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஜூன் கடைசி வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கையெழுத்துப் போட்டுச் செய்திருந்தாள். யார் அந்த ஒன்பது பேர் என்று மன்றாடினாள். யார் எதைப் படிக்கிறார்கள் என்பதைப் போலீஸ் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்று மிஸஸ் ஃப்ரீசன் உதட்டை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் பாதி வழி வரை அழுகையும் ஆத்திரமுமாக இருந்தது. பாதி வழியில் நின்றுவிட்டாள். பதினொரு பேரில் ஒன்பது பேர். அப்படியென்றால் அவர்கள் படித்திருக்கிறார்கள். படிக்கவே வேண்டாம் என்று சொன்ன பிறகும் படித்திருக்கிறார்கள், கடைசிப் பக்கம் வரைக்கும். பனியில் கால் மரத்துப்போனதுகூடத் தெரியாமல் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். ஜோலீனுமா? பாதிரியாருமா?

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். டாரியா நேராகவே கேட்டாள். அம்மா கத்தியைக் கீழே வைக்காமல், தலையையும் தூக்காமல், சீட்டு வரிசையில் தான் ஆறாவது என்று ஒப்புக்கொண்டாள்.

"அது அவ அண்ணன் இல்லடி," என்றாள் பிறகு. "ராஜாதான். அண்ணன்காரன புடிச்சு வச்சு, அந்தப் பேரைக் கறந்திருக்கான்."

நாலு முறை படித்தவளுக்கு அது தோன்றவேயில்லை. அண்ணனா, ராஜாவா? முன்பு ஒரு கேள்வியோடு படுத்தவள் அன்று இரண்டோடு படுத்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் துப்பறியக் கிளம்பினாள். ஜோலீன் கடையில் பத்திரிகைக் குவியலைப் புரட்டிப் பார்த்தாள். இல்லை. தபால் நிலையத்தில் வேண்டாத தபால்தலை வாங்கிக்கொண்டு மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. சனிக்கிழமை காலை அரங்கில் சிறுவர்களின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஐஸ் வண்டி நிற்கும் கொட்டகைக்குள் நுழைந்தவளின் கண்ணில் முதலில் பட்டது மாட்டுத்தீவனக் கடைப் பை. அதை மடியில் வைத்துக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, லோர்ன் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானா மொத ஆளு?"

அவர் மறைக்கப் பார்த்தார். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

"என்கிட்ட குடுங்க, லோர்ன். நான் ஒரே நாள்ல முடிச்சுத் தந்துடுவேன்."

"தர மாட்டேன்."

"உங்ககிட்ட அந்தப் புத்தகத்தக் கொண்டுவந்து நீட்டுனதே நான்."

"நீ படிக்க வேணாம்னுதானே சொன்ன?" என்றார் லோர்ன்.

சரி, அந்தக் குரல் யாருடையது என்று மட்டுமாவது சொல்லுங்கள் என்றாள். சொல்லிவிடுவாரோ என்று உடனே பயமும் வந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். லோர்ன் கையை ஆட்டி, காதைத் திறக்கச் சொன்னார்.

"இன்னும் தொறக்கவே இல்ல, பொண்ணே. மூணு மாசமா வண்டி ஓட்டறப்பல்லாம் அத நெனச்சுக்கிட்டே ஓட்டிட்டிருந்தேன். தொறந்தா பொசுக்குனு தெரிஞ்சு போயிரும்ல." பையின் மடிப்பை விரலால் நீவினார். "அந்தப் பையனா இல்லாமப் போயிட்டா என்ன பண்றது? அதுவும் பயமா இருக்கு."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டாரியாவுக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இந்த நான்கு மாதமும் தான் தனியாகத் தவித்ததாக நினைத்திருந்தாளே, இந்த மனிதரும் இங்கே உட்கார்ந்து அதே கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்னொரு வாளியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேர்ந்து திறந்தால் பயம் பாதியாகிவிடும் என்றாள். லோர்ன் யோசித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார்.

முதல் பக்கத்தில் நிலவறை இல்லை. கதவு இல்லை. வெஸ்னாவே இல்லை. எங்கேயோ ஒரு கப்பல், அதில் ஒரு கிழட்டு மாலுமி, காய்ந்த இறைச்சியைக் கடித்துக்கொண்டு மழையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு இவன்?" என்றார் லோர்ன்.

"தெரியலையே."

"மூணு மாசம் இவனுக்கா காத்துக் கெடந்தேன்?"

டாரியா பக்கத்தின் அடிக்குப் போய்விட்டாள். லோர்னின் விரல் மூன்றாவது வரியில் இருந்தது. அவள் காத்திருந்தாள். இரண்டாம் பக்கத்திலும் காத்திருந்தாள். இப்படிக்கூட ஒரு மனிதரால் படிக்க முடியுமா, எறும்புகூட இதற்குள் ஊரைச் சுற்றி வந்திருக்குமே என்று பல்லைக் கடித்தாள். ஐந்தாம் பக்கத்தில் அவருடைய விரல் நின்றுவிட்டது.

"இங்க பாரு. இடுப்புல சாவி வச்சிருக்கான்."

"யாரு?"

"இந்தக் கெழவன். சாவியெல்லாம் ராஜாகிட்டல்ல இருக்கணும்? இவன் கைக்கு எப்படி வந்துச்சு?"

டாரியா அந்த வரியைப் படித்துவிட்டு ஓடி வந்திருந்தாள். திரும்பிப் போய்ப் பார்த்தாள். ஆமாம், இடுப்பில் சாவி. சாதாரணமாக, மழைக்கும் இறைச்சிக்கும் நடுவில், அரை வாக்கியமாக. முதல் புத்தகத்தையும் இப்படித்தான் நாலு முறை ஓடி ஓடிப் படித்தோமோ, எத்தனை சாவியை விட்டிருப்போமோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

லோர்னுக்கோ பொறுமை போய்விட்டது. கட்டைவிரலைக் கொஞ்சம் தள்ளிப் பக்கங்களுக்கு இடையில் சொருகினார். "கதவு எங்க வருதுன்னு தள்ளிப் பாத்துருவோமா? ஒரு நாப்பது பக்கம். யாருன்னு மட்டும் பாத்துட்டு மறுபடி இங்க வந்துரலாம்."

நான்கு மாதமாக ஊரையே ஆட்டிப் படைத்துக் கேட்ட கேள்விக்கான பதில் அந்தக் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது. அண்ணனா, ராஜாவா? டாரியாவின் கை நீண்டது. நீண்ட கை, ஐந்தாம் பக்கத்தின் மேல் அகலமாக விரிந்து அமர்ந்தது.

"வேணாம், லோர்ன். மொதல்ல இந்தக் கெழவன் யாருன்னு பாப்போம்."

வெளியே ஐஸ் தயாராகவில்லை என்று பையன்கள் மட்டையால் பலகைத் தடுப்பை அடிக்க ஆரம்பித்தார்கள். பத்து நிமிஷம் பொறுங்கடா என்று லோர்ன் கதவுப் பக்கம் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டுக் குனிந்தவருக்கு விட்ட வரி தெரியவில்லை. டாரியா தன் விரலை வைத்துக் காட்டினாள்.