பதினொன்றேகாலுக்கு நின்றுவிடும் கம்ப்யூட்டர்

1988-ஆம் ஆண்டு மே மாதம் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, அரியலூர் நல்லுசாமி தட்டச்சுப் பயிலகத்தின் உள்ளறையில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும்:

மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த நாற்காலியில், பயிலகத்தின் உரிமையாளர் திரு. நல்லுசாமி. கம்ப்யூட்டருக்கு எதிரே முக்காலியில், அதைக் கற்றுக்கொடுக்க மூன்று மாதச் சோதனையில் வந்திருந்த கமலவேணி. கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல், எலெக்ட்ரீசியன் வேம்பு. பெட்டி ஏற்கெனவே ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. வாசற்படியில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், கூட்டிப் பெருக்கும் அம்மாக்கண்ணு. சன்னலோர மேஜையில், சுருக்கெழுத்து ஆசிரியனும் பயிலகத்துக் கடிதங்களையெல்லாம் எழுதுபவனுமாகிய தர்மராஜ், அதாவது நான். தாளுக்கு அடியில் கார்பன் வைத்துத் தயாராக இருந்தேன்.

கூட்டத்துக்குக் காரணமான கம்ப்யூட்டர், தேக்கு மேஜையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தது.

அது வந்து ஐந்து வாரம் ஆகிறது. அரியலூரில் பொதுமக்கள் காசு கட்டிக் கற்றுக்கொள்ளும் முதல் கம்ப்யூட்டர் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தட்டி வைத்திருந்தோம். முதல் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு தினமும் காலை பதினொன்றேகால் மணிக்கு, பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததுபோல, திரை இருண்டு நின்றுவிடும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தானாகத் தெளிந்து எழுந்துகொள்ளும்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. சூடுதான் காரணம் என்று எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. சோடாக் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி, குளிக்கிற தொட்டியில் போட்டு, டேபிள் ஃபேனை அதன் பின்னால் வைத்தோம். சன்னலில் ஈரச்சாக்கு கட்டினோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டுத் தூசி உள்ளே வராமல் இருக்கச் செருப்பை வாசலில் விடச் சொன்னோம். உடம்புச் சூட்டுக்குச் செய்வதுபோல் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடலாமா என்று அம்மாக்கண்ணு கேட்டது மட்டும் பாக்கி.

போன வாரம் திருச்சியிலிருந்து கம்பெனி ஆள் வந்தான். காலையில், டீக்குக்கூட எழாமல், மூன்று மணி நேரம் விடாமல் ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. டீ குடித்தான், பஸ் ஏறினான். நான்காம் நாள் கம்பெனியின் ஆங்கிலக் கடிதம் வந்தது. இயந்திரத்தில் குறை இல்லை, இயக்குபவரிடம்தான் குறை. கூட இருக்கும் தாளில் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் தங்கள் ஆளையே ஆசிரியராக அனுப்புகிறோம். இல்லை என்றால் சரியான காரணத்தை எழுதிப் பத்தொன்பதாம் தேதிக்குள் தபாலில் சேர்க்கவும்.

அந்தத் தாள் இப்போது நல்லுசாமி சாரின் சட்டைப்பையில், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கமலவேணியின் கண் அதிலேயே இருந்தது. ரெட்டிபாளையத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிற பெண். சென்னையில் அத்தை வீட்டில் தங்கி ஆறு மாதம் இதைப் படித்தவள். கையெழுத்து விழுந்தால் நாளையிலிருந்து அவளுக்கு வேலை இல்லை.

"ஏம்மா, ஒன்னக் கொற சொல்லல," என்றார் சார். "ஆனா கம்பெனிக்காரன் தொட்டா ஓடுது. நீ தொட்டா நிக்கிது. நா என்னா பண்ணட்டும், சொல்லு."

"அவரு தொட்டது ஒரு நாளுங்க சார். நா சனிக்கெழமை தொட்டாலும் ஓடுது. அதையும் சேத்துச் சொல்லுங்க."

"சனிக்கெழமையா?"

நான் என் நோட்டை எடுத்தேன். கடிதம் எழுதுகிறவன் என்பதால் தேதியும் நேரமும் குறித்து வைப்பது என் வழக்கம். மூன்று வாரத்தையும் வரிசையாக வாசித்தேன். திங்கள், பதினொன்று பதினாறு. செவ்வாய், பதினொன்று பதினான்கு. புதன், பதினொன்று பதினைந்து. வியாழன், வெள்ளி, அப்படியே; கம்பெனி ஆள் வந்த நாள் மட்டும் நிற்கவில்லை. சனி, நிற்கவில்லை. மறு சனி, நிற்கவில்லை. அதற்கடுத்த சனியும் நிற்கவில்லை.

"சனி பகவான் நல்லவருதான் போல," என்றார் வேம்பு.

"கிண்டல் பண்ணாத. சனிக்கெழமை இங்க என்னா இல்ல? அதச் சொல்லு," என்றார் சார்.

எல்லாரும் யோசித்தோம். மாணவர்கள் அதே ஆறு பேர். வெயில் அதே வெயில். கரண்டு அதே கரண்டு. ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பி வாசற்படியைப் பார்த்தோம். சனிக்கிழமைகளில் அம்மாக்கண்ணு, வாலிகண்டபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய்விடுவார்.

"ஏன் எல்லாரும் என்னியப் பாக்குறீங்க?" அம்மாக்கண்ணு துடைப்பத்தைக் கீழே வைத்தார். "நா அந்தப் பொட்டியத் தொடறதே கெடையாது. தூசி தட்டுறதுகூட டீச்சரம்மாதான். நா மூடுறதோட சரி."

"மூடுறதா?" என்றார் வேம்பு.

"பின்ன? பத்தே முக்காலுக்கு எல்லாரும் டீ குடிக்கப் போறீங்கள்ல. பதினாலு மிஷினையும் மூடுவேன், பதினஞ்சாவதா இதையும் மூடுவேன். பதினொண்ணுக்குத் தொறந்துக்குவாங்க."

இதில் எங்கள் யாருக்கும் புதிய செய்தி இல்லை. தட்டச்சுப் பயிலகத்தில் எழுந்தால் இயந்திரத்தை மூட வேண்டும். இது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். நல்லுசாமி சார் அதைச் சுவரில் ஓர் அடி உயர எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்: 'எழுந்தவுடன் இயந்திரத்தை மூடுக.' மூடாமல் போன மாணவன் மறுநாள் நின்றுகொண்டே தட்டச்சு செய்ய வேண்டும். டீ நேரத்தில் மட்டும் அதை அம்மாக்கண்ணுவிடம் விட்டிருந்தோம்; அவர் இல்லாத சனிக்கிழமைகளில் டீக்கு எழுந்தவர் யாரும் மூடுவதில்லை. கம்ப்யூட்டருக்கென்று தனி உறையே இருந்தது. மேலே மெரூன் நிற ரெக்சின், உள்ளே மெத்தைப் பஞ்சு, கீழே சுற்றிலும் கொசுவம். லாரி போகும்போது அதிராமல் இருக்கப் பஞ்சு வைக்கச் சொன்னது சார். தைத்தது அவர் மனைவி ரத்தினம்மாள்.

வேம்பு அட்டைப்பெட்டியிலிருந்து எழுந்தார். பெட்டி நிம்மதியாக நிமிர்ந்தது.

"டீச்சர், மூடுறப்ப இது ஓடிக்கிட்டு இருக்குமா, நின்னிருக்குமா?"

"ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கும். அணைச்சா மறுபடி ரெண்டு ஃப்ளாப்பித் தட்டப் போட்டுக் கெளப்பணும். அடிக்கடி அணைக்காத, தேஞ்சிரும்னு சாருதான்..."

அவள் நிறுத்திக்கொண்டாள். சார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

இதை இங்கே விளக்க வேண்டும். தட்டச்சுப் பொறி என்பது ஆள் எழுந்தால் நின்றுவிடும். இருபத்திரண்டு வருடமாக நாங்கள் பழகியது அந்தப் பொறியோடுதான். ஆள் எழுந்து டீ குடிக்கப் போன பிறகும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே, மூன்றாவது வாரம் உறை தைத்து வந்ததும், இதையும் மூடினோம். கமலவேணிகூட, வந்த இடத்தின் வழக்கம் என்று விட்டுவிட்டாள். தொட்டால் சுட்டதாம். கத்திரி வெயிலில் நாற்காலிக் கம்பியும்தான் சுடுகிறது என்று நினைத்துக்கொண்டாளாம்.

வேம்பு மேஜையின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்து, கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்தார். "பின்னால சின்ன ஃபேன் ஒண்ணு இருக்கு சார். சூட்ட வெளிய தள்ளுறது. அதோட மூஞ்சிய நம்ம செவுத்துல தேச்சி வெச்சிருக்கோம். அதுக்கு மேல பஞ்சு மெத்த வேற. ஆளா இருந்தா என்னிக்கோ ஓடிப் போயிருக்கும்."

"நீ சொல்றது ஊகம்," என்றார் சார். "கடுதாசில ஊகம் எழுத முடியாது."

ஆகவே சோதனை செய்வதென்று முடிவானது. பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை அம்மாக்கண்ணு வழக்கம்போல மூடினார். கொசுவத்தைக்கூட இழுத்துவிட்டார். பத்து பதினேழுக்குத் திறந்தோம். உள்ளே கை வைத்த வேம்பு கையை உதறினார்.

"தோசக்கல்லுதான்," என்றார் அம்மாக்கண்ணு. "மாவு இருந்தா ஊத்திரலாம்."

கமலவேணி வேலையைத் தொடர்ந்தாள். பத்து முப்பத்திரண்டுக்குத் திரை இருண்டது. திறந்ததிலிருந்து சரியாகப் பதினைந்து நிமிடம். நான் குறித்தேன். அவள் சிரிக்கக்கூட இல்லை; என் பேனா எழுதுகிறதா என்று மட்டும் பார்த்தாள்.

ஆறவிட்டோம். வேம்புவும் நானும் மேஜையைச் சுவரை விட்டு ஒரு முழம் இழுத்தோம். பன்னிரண்டு மணிக்குக் கிளப்பினோம். பிறகு யாரும் மூடவில்லை. பன்னிரண்டே கால். பன்னிரண்டரை. ஒரு மணி. ஓடியது.

"அப்ப கடுதாசி எழுதிரலாங்களா சார்?" என்று கேட்டேன்.

சார் எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "என்னான்னு எழுதுவ?"

"ஓடும்போது உறை போட்டு மூடுனதால சூடாயிருச்சுன்னு."

"உறை யாரு தெச்சது?"

நான் பேனா மூடியைத் திருகினேன்.

"மூணு நாளு உக்காந்து தெச்சா, தர்மராஜ். கொசுவம் வெச்சா. அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூட்டியாந்து காட்டுனா. அதாலதான் மிஷினு கெட்டுதுன்னு நம்ம கையெழுத்துல திருச்சிக்குப் போனா, நா வூட்டுக்குப் போவ வேணாமா?" சட்டைப்பையிலிருந்த தாளை அவர் கை தடவியது. "இதுல ஒரு கையெழுத்துதான். யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரியுங்களே சார்," என்றாள் கமலவேணி. "அதுல நீங்க கையெழுத்துப் போட்டா, கெட்டிக்காரி மாதிரி மெட்ராஸு போயிப் படிச்சவ, மிஷின ஒடைச்சிட்டு வந்துட்டான்னு எங்க ஊருல சொல்லுவாங்க. உறைய யாரும் சொல்ல மாட்டாங்க."

"வேணும்னா அம்மாக்கண்ணு மூடுனான்னு எழுதுங்க," என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மூடச் சொன்னது அந்தச் செவுருன்னு சேத்து எழுதுங்க. செவுத்துல எழுதுனது யாருன்னும் எழுதுங்க. எழுதுறதுன்னு வந்துட்டா முழுசா எழுதணும்ல?"

அந்த நேரம் பார்த்து டிபன் கேரியரோடு ரத்தினம்மாள் உள்ளே வந்தார். வந்தவர் கண் நேராகத் தரைக்குப் போனது. உறை அங்கே மல்லாந்து கிடந்தது.

"ஏங்க, இது ஏன் கீழ கெடக்குது?"

சார் வேம்புவைப் பார்த்தார். வேம்பு என்னைப் பார்த்தார். நான் கார்பனைச் சரிசெய்தேன்.

"வெயிலுக்குக் கொஞ்சம்... காத்தாடட்டும்னு..." என்றார் சார்.

"பெட்டி காத்தாடணுங்கம்மா," என்றாள் கமலவேணி. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல், யாரையும் குறை சொல்லாமல், பாடம் நடத்துகிற மாதிரியே சொன்னாள். ரத்தினம்மாள் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் போய்க் கையை நீட்டினார். சூடான காற்று விரலில் பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இதுக்குப் பொறத்தால ஓட்டையெல்லாம் இருக்கா?"

"இருக்குங்கம்மா."

"ஏங்க, என்கிட்ட நீளம் சொன்னீங்க, அகலம் சொன்னீங்க, ஒசரம் சொன்னீங்க. மூச்சு வுடறதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? சொல்லியிருந்தா பின்னால கொசுவலத் துணி வெச்சித் தெச்சிருக்க மாட்டனா? கட்டில்ல படுக்கிற மெத்த மாதிரி என்னா பஞ்சு, என்னா பஞ்சுன்னு நா கேக்கக் கேக்க, 'லாரி அதிரும், நீ தெய்யி'ன்னு சொன்னது யாரு?"

"கத்தாத, பொம்பளப் புள்ளைங்க படிக்கிற எடம்," என்றார் சார்.

"நல்லாப் படிக்கட்டும். தர்மராஜண்ணே, நீங்க எழுதுங்க. உறையச் சொல்லுங்க, எனக்கென்ன. அளவு குடுத்தவரு யாருன்னும் சொல்லுங்க."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்த தாளை எடுத்து நான்காக மடித்தார். உறையின் கொசுவத்துக்குள் செருகினார். "எழுதுய்யா," என்றார்.

கம்பெனி எங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதும். நாங்கள் தமிழில் பதில் எழுதுவோம். இருபத்திரண்டு வருடத்தில் இதனால் எந்தக் கம்பெனிக்கும் குறை வந்ததில்லை. மூன்று பத்தி எழுதினேன். முதல் பத்தியில் நோட்டிலிருந்த தேதிகளும் நேரங்களும். இரண்டாவது பத்தியில் சோதனை. 'உறை' என்ற சொல் வந்த இடத்தில் சார் கையை உயர்த்தி, "எங்கள் பயிலகத்தார் இயந்திரத்தின் மீது கொண்ட மிகுந்த அக்கறையினால் என்று முன்னால போடு," என்றார். போட்டேன். அது பொய்யும் இல்லை. மூன்றாவது பத்தி இது:

'எனவே இயக்குபவரிடம் குறை என்று தாங்கள் எழுதியதை நாங்கள் ஒப்புக்கொள்வதற்கில்லை. எங்கள் கம்ப்யூட்டர் ஆசிரியை செல்வி கமலவேணி அவர்கள் இயந்திரத்தை முறையாகவே இயக்கி வந்தார்கள். தங்கள் ஆளை ஆசிரியராக அனுப்பத் தேவையில்லை.'

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மூன்றாவது பத்தியில் நின்றார்.

"சோதனை ஆசிரியைன்னு எழுதலியா?"

"எடம் பத்தலீங்க சார்."

அவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். கீழே பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. அதையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ரத்தினம்மாள் கேரியரின் கொக்கியைத் தட்டிக்கொண்டிருந்தார். மணி இரண்டே முக்கால்; கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"பேனா குடு," என்றார்.

கையெழுத்தின் மை காய்ந்ததும் கடிதத்தை மூன்றாக மடித்துக் கவரில் போட்டேன். கோந்துப் புட்டியை எடுத்தபோது கமலவேணி கையை நீட்டினாள். "நா ஒட்டுறேங்க சார்." விளிம்பு முழுக்கத் தடவி, மேஜையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். ஒரு மூலையில் கோந்து பிதுங்கியதை முந்தானையால் துடைத்தாள். விலாசத்தை ஒரு முறை வாய்க்குள் வாசித்துப் பார்த்தாள். பிறகு என் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, தபால் ஆபீஸ் ஜன்னலில் பதிவுத் தபாலுக்கான முத்திரை இரண்டு தரம் விழுந்து, கடிதம் திருச்சிப் பைக்குள் போனது.