ஆறாம் சேனலுக்குப் புதுப் பெயர்

எடிட்டிங் அறையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து ஏசியைக் குறைத்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து கூட்டினாள்.

மறுநாள் காலையிலிருந்து அந்த நிலையம் ஆறாம் சேனல் இல்லை, ‘வாசல்’. நம்பரைக் கட்டிக்கொண்டு அழுதது போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒரு வீட்டுப் பெட்டியில் ஆறு, அடுத்த வீட்டில் நானூற்றுப் பன்னிரண்டு, செல்போனில் நம்பரே கிடையாது. ஆறைத் தேடிப் போகிறவன் ஏதோ சமையல் சேனலில் போய் உட்கார்ந்துகொள்கிறான். பெயர் மனதில் நின்றால்தான் பிழைப்பு. பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகு பெயர் வைக்கிறோம் என்று சவுண்டு அண்ணன் முனகினார்.

லோகோ மாறட்டும், நிறம் மாறட்டும். ஆனால் அரை மணிக்கொரு தரம் “இது ஆறாம் சேனல்” என்று வருவது அவள் கணவனின் குரல். போன வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டான். வீட்டில் மாமனார் டிவியை அணைப்பதே இல்லை. மகன் குரல் வரும்போது, பதில் சொல்வதுபோல லேசாகத் தலையாட்டுவார். இனி வராது என்று அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை.

கணவன் வாசித்த பழைய செய்திகளைத் துழாவினாள். ‘வானிலை’யில் ஒரு வா கிடைத்தது. பாலத்தில் ‘விரிசல்’ விட்ட செய்தியில் சல். வெட்டி ஒட்டி ஓடவிட்டாள். வா சிரித்துக்கொண்டே வந்தது. சல் பாலத்தோடு இடிந்து விழுந்தது.

சவுண்டு அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். “வேணாம்மா. அவன மாதிரி வேற எவனோ பேசுறான்.”

அவளுக்கும் அது தெரிந்தது. அழித்தாள். புது அறிவிப்பாளர் பெண் பேசித் தந்திருந்ததை எடுத்து வைத்தாள். பிசிறில்லாத குரல்.

யார் பேசினாலும் பேச்சுக்கு முன்னால் வரும் மூச்சைத்தான் அவள் முதலில் நறுக்குவாள். கணவனுடையதை மட்டும் நறுக்காமல் விட்டிருந்தாள். “எனக்கு மட்டும் சலுகையா?” என்று அவன்கூடக் கேலி செய்தான். அந்த மூச்சைத் தனியாக எடுத்து, புதுக் குரலுக்கு முன்னால் வைத்தாள். சவுண்டு அண்ணன் பார்த்தார். அந்த மூச்சின் ஒலி அளவை ஒரு துளி ஏற்றிவிட்டார்.

காலையில் அவள் டிவிக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு நின்றாள். புது நிறம் வந்தது. பிறகு அந்த மூச்சு. மாமனாரின் தலை ஆடத் தொடங்கியது. “இது வாசல்” என்றது பெண் குரல். தலை பாதியில் நின்றது.

அவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, அவன் என்னவோ சொல்ல வந்தான். அதுக்குள்ள இந்தப் பொண்ணு குறுக்க பூந்துட்டா.”

“புதுசா வந்திருக்கா, மாமா.”

“நல்லாத்தான் பேசுறா,” என்றவர், ரிமோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “இருக்கட்டும். அடுத்த அரை மணிக்குப் பாப்போம்.”

அவள் மடித்த சட்டையை உதறிவிட்டு, முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.