சாவு வீட்டில் தட்டிய கை

லுஃபேயோவின் வண்டி வாசலில் வந்து நின்றபோது ஃபலேசி வாசல் பரணில் காயும் உசிப்பாப் பொடிமீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பார்க்காதவள்போல இன்னும் இரண்டு கை மீனைப் புரட்டினாள். எம்.பி.யானாலும் தம்பி தம்பிதான். ஆனால் படகுக் கட்சியில் நின்று ஜெயித்துவிட்டு, பாதிப் பதவிக்காலம்கூட முடியாமல் கூடைக் கட்சிக்குத் தாவிய தம்பியை ஓடிப்போய் வரவேற்க அவளுக்கு மனசு வரவில்லை. போன தேர்தலில் ஏரிக்கரை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி, "என் தம்பிக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தவள் அவள். இப்போது அடிகுழாயில் குடத்தை வைத்தால் போதும், "இன்னைக்கு எந்தக் கட்சித் துணி கட்டணும்க்கா, சொல்லிரு" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடுதான் அவள் தினமும் தண்ணீர் தூக்கி வந்தாள்.

அவள் நாற்காலி எடுத்துப் போடுவதற்குள் லுஃபேயோ கோட்டும் சூட்டுமாகப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இளைச்சுட்டியேக்கா."

"நீதான் ரெண்டு கட்சிக் களியும் தின்னு ஊதிட்டியே. வந்த விஷயத்தச் சொல்லு."

சொன்னான். படகுக் கட்சிக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை நாடாளுமன்ற நெறிமுறைக் குழு மாவட்ட மண்டபத்துக்கே வந்து விசாரிக்கப்போகிறது. தொகுதி மக்களைக் கேட்காமல் கட்சி மாறியிருந்தால் பதவி பறிபோகும். கேட்டுவிட்டுத்தான் மாறினேன் என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

"எப்படா கேட்டே?"

"டோரிகா சாவு அன்னைக்கு. 'நான் எங்க போனாலும் கூட வருவீங்கதானே'ன்னு கல்லறையில நின்னு கேட்டேன்ல? பொம்பளைங்க அத்தன பேரும் கை தட்டினீங்க. நீதான் முதல்ல தட்டினே."

பக்கத்து வீட்டு டோரிகாவுக்குச் சவப்பெட்டி வாங்கிக் கொடுத்தவன் அவன். வந்தவர்கள் தின்ன மாவு மூட்டை இறக்கியவனும் அவன்தான். அப்படிப்பட்டவன் பேசி முடித்தால் பெண்கள் மண்டியிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து, மெத்தென்று தட்டுவார்கள். வந்தாயே, எங்கள் துக்கத்தில் நின்றாயே என்பதற்கு. அன்றைக்கு அவன் நாளை வெயிலடிக்கும் என்று சொல்லியிருந்தாலும் தட்டியிருப்பார்கள். தலைநகரத்து மன்றத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, தட்டினால் சம்மதம் என்றே பழகிவிட்டானோ? இல்லை, தெரிந்தேதான் சொல்கிறானா? அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தட்டலின் அர்த்தத்தையே நிஜமாக மறந்திருப்பான் என்று தோன்றியபோதுதான் அவள் நெஞ்சு இளகிப்போனது.

"அது பெட்டிக்குத் தட்டினதுடா."

"தட்டினது தட்டினதுதானேக்கா. அத மட்டும் சொல்லு, போதும்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கூடைக்காரங்க பாலம் கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. பதவி போனா பாலமும் போயிரும். டோரிகா ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருந்தா பொழைச்சிருப்பா. ஆத்துல வெள்ளம், இக்கரையிலயே போயிட்டா."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கோட்டில் ஒட்டியிருந்த மீன் செதிலை எடுத்துப் போட்டாள். தின்றுவிட்டுப் போ என்றாள்.

வியாழக்கிழமை குழாயடிப் பெண்கள் லாரி பிடித்து வந்து மண்டபத்தின் பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவி கனத்த உடம்புக்காரி, சாட்சியாக வந்த ஃபலேசியைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"நீங்க கை தட்டினீங்களாம்மா?"

"தட்டினேன்."

லுஃபேயோவின் தோள்கள் நிம்மதியில் தளர்ந்தன. காலர் இறுக்கிய அவன் பிடரியை ஃபலேசி பார்த்தாள். சின்ன வயதில் அவள் முதுகில் துணி கட்டித் தூக்கித் திரிந்த பிள்ளை. 'சம்மதம்' என்று இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான். அப்புறம் குழாயடியில் இந்தப் பெண்களின் முகத்தில் அவள் எப்படி விழிப்பாள்?

"எதுக்காகத் தட்டினீங்க?"

"வாயால சொன்னா ஆளுக்கொண்ணா அர்த்தம் பண்ணிக்குவீங்கம்மா. எப்படித் தட்டினேன்னு காட்டட்டுமா?"

தலைவி தலையசைத்தாள். ஃபலேசி மேசையைச் சுற்றிக்கொண்டு தம்பியின் எதிரே வந்தாள். துணியை ஒதுக்கி மண்டியிட்டாள். கையைக் குவித்துத் தலை தாழ்த்தித் தட்டினாள். சாட்சிக்காகத்தான் தொடங்கினாள். ஆனால் தட்டத் தட்ட டோரிகா நினைவுக்கு வந்தாள், ஆறு நினைவுக்கு வந்தது, பாலம் பாலம் என்று பிதற்றும் இந்தக் கிறுக்கன்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. நீ வந்தாயேடா என்றுதான் அவள் கை சொன்னது.

அப்படித் தட்டினால் பதிலுக்குத் தட்டாமல் இருப்பது அவமரியாதை. அதிலும் அக்கா தரையில் இருக்கத் தம்பி நாற்காலியில் இருப்பது எப்படி? லுஃபேயோ எழுந்ததை அவனே உணர்ந்தானோ என்னவோ, அடுத்த நொடி கோட்டு தரையில் புரள அவனும் மண்டியிட்டிருந்தான். வக்கீல் அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் கைகள் தாமாகவே குவிந்து, மெத்தென்று தட்டத் தொடங்கின.

தலைவி கண்ணாடியைக் கழற்றினாள்.

"எம்.பி. அய்யா, இப்ப உங்கள யாரும் எதுவும் கேக்கலையே? அப்புறம் எதுக்குச் சம்மதம்னு தட்டுறீங்க?"

லுஃபேயோவுக்கு அது கேட்டது. கண்ணில் நீர் நிற்க, அக்காவைப் பார்த்தபடியே அவன் தட்டிக்கொண்டிருந்தான்.