சிவப்பு எந்தப் பக்கம்

...ஆனால் அது என் வலது பக்கத்தில் அல்லவா இருக்கிறது, சாயங்கால வயரிங் வகுப்பில் மோகன்குமார் சாரின் இடது கை, எங்களைப் பார்த்து நின்றுகொண்டு அதை உயர்த்தி "இடது பக்கம் மெயின் சுவிட்ச்" என்கிறார், நான் நோட்டில் வலது என்று எழுதி, அடித்து, இடது என்று எழுதும்போதுதான் உறைத்தது... அந்தப் போட்டோ. படகு நம்மைப் பார்த்து வருகிற போட்டோ. அதைப் பார்த்துத்தானே மாட்டும் முறைச் சீட்டை எழுதினேன், சிவப்பு விளக்கு வலது, பச்சை விளக்கு இடது என்று, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாற்பது விளக்குப் பெட்டிக்கும் நகல் எடுத்து... படகில் உட்கார்ந்திருப்பவருக்கு அது நேர்மாறு. இருட்டில் சிவப்பு மட்டும் தெரிந்தால் தெரிவது படகின் இடப்புறம், அது நமக்கு இடது பக்கமாகப் போகிறது, நாம் வலது பக்கம் விலகலாம். என் சீட்டைப் படித்து மாட்டியிருந்தால் விலகுகிறவர் நேராக அதன் மேலேயே போய்... கடலையே நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் பகலில். பெரியநாயக்கன்பாளையத்தில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து படகு விளக்கு செய்கிற எங்களில் யார் ராத்திரியில் படகில் போயிருக்கிறோம்?

இல்லை, அப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது. பெட்டி ஒட்டுகிற தாஜுன்னிசா அக்கா கேட்டார். செவ்வாய்க்கிழமை, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏங்கண்ணு, இது படகுல உக்காந்து பாக்கோணுமா, எதுத்தாப்புல நின்னு பாக்கோணுமா?" என்றார். நான் என்ன சொன்னேன்? "ஏனுங்கக்கா, உங்கூட்டுல கப்பல் ஓடுதுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான், "ஆமா, உக்கடம் குளத்துல நாலு உட்டிருக்கறேன்" என்றார், ஆனால் அதற்குப் பிறகு மாலை வரை ஏன் ஒன்றுமே கேட்கவில்லை? தினமும் தவறாமல் டைரி எழுதுகிறவள் நான். அன்றைய பக்கத்தில் சிரிப்பை எழுதியிருக்கிறேன், கேள்வியை எழுதவில்லை.

வராந்தாவுக்கு வந்துவிட்டேன், துடியலூர் ரோட்டில் பஸ் ஹாரன், ஒரு காதைப் பொத்திக்கொண்டு முதலாளி ரங்கராஜ் அண்ணாவைக் கூப்பிட்டேன், வரிசையாகச் சொல்ல வேண்டும், முதலில் தப்பு என்னுடையது, அடுத்து அக்கா கேட்டார், அடுத்து நான் கேலி செய்தேன்... முதலாவதைச் சொன்னேன். "அட, லாரி மத்தியானந்தான கெளம்புச்சு, காலைலதான் நாகப்பட்டினம் போவும். ஒண்ணையும் மாட்ட வேண்டாம்னு இப்பவே சொல்லிப்போடறேன், பயப்படாத கண்ணு" என்றார், மூச்சு வந்தது, இனி அக்காவைப் பற்றி, இப்போதே... "இத்தன பேரு பாத்திருக்கறாங்க, ஒருத்தருக்கும் தோணலியே. நீயாவே கண்டுபுடிச்சியா, ஷ்ரவ்யா?" "ஆமாங்க." "இதுக்குத்தான் படிக்கற புள்ள வேணுங்கறது. நாளைக்கு எல்லார்த்து முன்னாலயும் சொல்றேன் பாரு." வைத்துவிட்டார். திட்டுவார் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், புகழ்வார் என்று நினைக்கவே இல்லை, அதனால்தான் வாய் தவறி... வாய் தவறியா? திரும்பக் கூப்பிடலாம், எண் இன்னும் திரையிலேயே இருக்கிறது, கட்டைவிரல்தான் கீழே இறங்க மாட்டேன் என்கிறது... சீட்டையாவது தெரியாமல் எழுதினேன், 'ஆமாங்க' என்றது அப்படி இல்லை.