பெயர் கூப்பிடாத ஜகாத்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. கடலூர் முதுநகரில் ஒரு தையல் கடையில், ரவிக்கைக்குக் கொக்கி வைத்து வாங்கக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது. தைக்கிற அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எழுதிப் பழகிய கைக்கு அது வருவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் எழுதிய முதல் வரி இது:

"கடலுக்குள் சூரியன் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, நோன்பு திறக்கும் நேரத்தை எதிர்பார்த்து ரமீஜா..."

அங்கேயே நிறுத்திவிட்டேன். கடலூரில் பிறந்து வளர்ந்த எவளாவது சூரியனைக் கடலுக்குள் இறக்குவாளா? எங்களுக்குக் கடல் கிழக்கே இருக்கிறது.

இரண்டாவது வரி: "ரமீஜா ஏழை." சுருக்கமாக இருந்தது. ஆனால் உண்மை இல்லை. அது உண்மை இல்லாமல் போனதுதான் கதையே.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்.

2

ரமீஜாவுக்கு ஐம்பதாவது வயதில் புதிதாக ஒரு கடமை வந்தது.

அதுவரை அவள் வாங்குகிறவள். மீன் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் விபத்தில் போனபோது மகளுக்கு ஏழு வயது. அதன் பிறகு ஒவ்வொரு ரமலானிலும், கடைசிப் பத்து நாளில் ஒரு நாள், பஸ் ஏறிச் சிதம்பரம் போவாள். அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் தன் வீட்டு வாசலில் ஜகாத் கொடுப்பார். ஆளுக்கு ஒரு சேலை, ஒரு கவர்.

(தெரியாதவர்களுக்காக: தன் தேவை போக, ஒரு வரம்புக்கு மேல் சேர்ந்த பணமும் நகையும் ஒரு வருடம் தன்னிடம் தங்கிவிட்டால், ஒரு முஸ்லிம் அதில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். தொழுகை, நோன்பு மாதிரி அதுவும் கடமை. கொடுக்கிறவரின் தயவு இல்லை, வாங்குகிறவரின் உரிமை. இந்தக் கடைசி வாக்கியம் என் அலங்காரம் இல்லை. முதுநகர்ப் பள்ளிவாசல் இமாம், ஹஜ்ரத், என்னிடம் சொன்னது.)

வரிசை தெருவில் நிற்கும். திண்டிவனம், பண்ருட்டி என்று எங்கிருந்தெல்லாமோ பெண்கள் வருவார்கள். ஹாஜியாரின் கணக்குப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து உரக்கப் பெயர் கூப்பிடுவார். பெயர், ஊர், அதோடு காரணம். "ரமீஜா பீவி, கடலூர், விதவை." அந்தத் தெருவில் காய் வாங்கப் போகிறவர், பால் ஊற்றுகிறவர் எல்லாரும் கேட்பார்கள். ரமீஜா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு போய் வாங்கி வருவாள்.

முதல் எழுத்தில் அந்த ஹாஜியாரை நான் கொஞ்சம் கெட்டவராக்கியிருந்தேன். தங்கப்பல் ஒன்று வைத்து, கவர் கொடுக்கும்போது போட்டோ எடுக்கச் சொல்கிறவராக. கதையைச் சொன்ன தையல்கார அக்காவுக்கே, அதாவது ரமீஜாக்காவுக்கே, கடையில் வைத்துப் படித்துக் காட்டினேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"எழிலு, இது பாவம். அந்த மனுசன் குடுத்ததுலதான் எம்மவ நர்ஸ் படிப்புக்கு மொத பீஸ் கட்னா. அவுருக்குப் பேரு கூப்புடறது தப்புன்னு யாரும் சொல்லல. அவ்ளோதான். பல்லத் தூக்கிடு."

தூக்கிவிட்டேன். ஹாஜியார் நல்லவர். யாரும் சொல்லாததால் தெரியாமல் போனவர்.

3

அந்த வரிசையில் ரமீஜாவுக்கு முன்னால் எப்போதும் மைமூன் நிற்பாள். சிதம்பரத்துக்காரி. ரமீஜா வயதுதான். வருடத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள். வரிசையில் யாரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒரு வருடம் வெயிலில் ரமீஜாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மைமூன்தான் தோளைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தாள். தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, "எடத்த நான் பாத்துக்கறேன், நீ உக்காரு" என்று திரும்பிப் போய் நின்றாள். அவ்வளவுதான் அவர்கள் சிநேகிதம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கணக்குப்பிள்ளை வழக்கம்போல மைமூன் பெயரைக் கூப்பிட்டார். மைமூன் நகரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது விருட்டென்று திரும்பி, வரிசையை விட்டு வெளியேறி, வந்த வழியே நடந்துவிட்டாள். தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் நின்றிருந்ததை ரமீஜா பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்தவர் மைமூன் மகளுக்குப் புதிதாக வந்த மாமனார் என்று வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள். வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர்.

அன்று ரமீஜா தன் கவரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அடுத்த வருடத்திலிருந்து அவளும் சிதம்பரம் போகவில்லை.

4

இந்த ரமலானில் முதுநகர் ஜமாஅத்துக்காரர்கள் உதவி வாங்குவோர் பட்டியலில் அவள் பெயரையும் எழுதியிருந்தார்கள். அதை அடிக்கச் சொல்வதற்காகத்தான் ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனாள். அவர் சும்மா அடித்துவிடவில்லை. மகள் எப்படி இருக்கிறாள், கடை எப்படிப் போகிறது, கையில் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்தார். மகள் புதுச்சேரியில் நர்ஸ். இரண்டு பள்ளிக்கூடத்துச் சீருடை ரமீஜாவிடம்தான் வருகிறது. கழுத்தில் ஒரு சங்கிலி. வங்கியில் கொஞ்சம், அதுவும் போன ரமலானுக்கு முன்பிருந்தே. ஹஜ்ரத் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க வாங்கக் கூடாதும்மா. நீங்க குடுக்கணும்."

ஏழாயிரத்துச் சொச்சம் வந்தது.

(இந்த இடத்தில் ரமீஜா அழுததாக எழுதினேன். அதையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அழவில்லையாம். நேராகக் கடைக்கு வந்து, கூட வேலை பார்க்கும் அமராவதியை அனுப்பி இரண்டு கிலோ ஆரஞ்சுப் பழம் வாங்கி, தெருவில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாராம். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "சும்மாதான், மனசு நல்லாருக்கு" என்றாராம். நான் எழுதிய அழுகையைவிட இது நன்றாக இருக்கிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை?)

அமராவதி தேவனாம்பட்டினத்துப் பெண். சுனாமியில் வீடு போனவள். அவளுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ரமீஜாவுக்கு ஆசை. ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்குத்தான் சேர வேண்டும், மற்றவர்களுக்கு உங்கள் விருப்பம்போல் தனியாகத் தர்மம் செய்யுங்கள், அதற்கு எல்லையே இல்லை என்று ஹஜ்ரத் சொன்னார். ரமீஜா அப்படியே செய்தாள்.

ஜகாத் யாருக்கு என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை, மைமூனுக்குத்தான். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் மூன்று நாள் தூக்கம் வரவில்லை. தெருவில் பெயர் கேட்டதற்கே விட்டுவிட்டுப் போனவள் மைமூன். வீடு தேடிப் போய் ஜகாத் என்று சொன்னால் வாங்குவாளா? மறுபடியும் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டாள். இது ஜகாத் என்று வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டியதில்லை, கொடுக்கிறவர் மனதில் அந்த எண்ணம் இருந்தால் போதும் என்றார். ரமீஜாவுக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என முடிவு செய்தாள்.

5

கடையை அமராவதியிடம் விட்டுவிட்டு, காலை பதினோரு மணிக்குச் சிதம்பரம் பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம் தாண்டும் வரை கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் காலிப் பையோடு போய்ப் பணத்தோடு திரும்பிய பாதை. அன்று பை நிறைந்து போனது. திரும்பும்போது காலியாக வரப்போவதை நினைத்தபோது சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாளாம்.

மைமூன் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு பள்ளிவாசலில் விசாரிக்க வேண்டியிருந்தது. (எந்தப் பள்ளிவாசல், எந்தத் தெரு என்பதெல்லாம் என் குறிப்பில் இருந்தது. கிழித்துவிட்டேன். காரணம் அடுத்த பகுதியில்.)

மைமூன் கடைகளுக்குச் சமோசா மாவு தேய்த்துக் கொடுக்கிறாள். நோன்பு மாதத்தில் வேலை ஜாஸ்தி. கதவைத் திறந்தபோது முழங்கை வரைக்கும் மாவு. ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை. பிறகு, "கடலூரு" என்றாள். வரிசையில் காதில் விழுந்த ஊர் அது.

ரமீஜா உட்கார்ந்தாள். பேத்தி பிறந்ததைச் சொன்னாள். மைமூன் மகளுக்கும் பையன் பிறந்திருந்தான். கொஞ்ச நேரம் இரண்டு குழந்தைகளையும் பற்றிப் பேசினார்கள். மாவு காய்கிறதே என்று ரமீஜாவும் கையைக் கழுவிக்கொண்டு சமோசாவுக்கு நாலைந்து வட்டம் தேய்த்துக் கொடுத்தாள். எழுந்து கிளம்பும்போது கவரை எடுத்து நீட்டினாள். "பேத்திக்குப் பேரு வச்ச சந்தோசத்துக்கு..."

மைமூன் கையை நீட்டவில்லை. கவரைப் பார்த்தாள், ரமீஜாவைப் பார்த்தாள்.

"இது ஜகாத்தா?"

இந்த இடத்தில் என் பேனா ஒரு வாரம் நின்றது. ரமீஜா இல்லை என்று சொல்லலாம், மைமூன் வாங்கிக்கொள்வாள், கதை இதமாக முடியும். ஆமாம் என்று சொல்லலாம், மைமூன் கதவைச் சாத்துவாள், கதை கனமாக முடியும். பதிலே சொல்லாமல் கவரை வைத்துவிட்டு ஓடிவிடலாம், அது எனக்குப் பிடித்த முடிவு, ஏனென்றால் நான் ஒரு கோழை.

கடைசியில் கடைக்கே போய், என்ன சொன்னீர்கள் என்று ரமீஜாக்காவிடம் கேட்டேன்.

"ஆமான்னேன். நோம்பு வாயி எழிலு. பொய் எப்டி வரும்? அப்றம் இன்னொண்ணும் சொன்னேன். மூணு வருசத்துக்கு முன்ன வரைக்கும் நானும் வாங்கற ஆளுதான், இந்த வருசந்தான் எனக்குக் கடம வுழுந்துச்சு, மொத மொதல்ல குடுக்கறேன், எப்டிக் குடுக்கணும்னு தெரியல, தப்பாக் குடுத்துருந்தா சொல்லு, மாத்திக்கறேன்."

"அதுக்கு அவங்க?"

"வாங்கிக்கிட்டா."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா." ரமீஜாக்கா மறுபடியும் மெஷினை ஓட்டத் தொடங்கினார். "அத உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

6

கெஞ்சிப் பார்த்தேன். அதுதானே அக்கா கதை, அது இல்லாமல் எப்படி முடிப்பது என்றேன். அவர் அசையவில்லை. மைமூன் தனக்குச் சொன்னதை ஊருக்குப் படித்துக் காட்டினால், தானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும் என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தது நான்தான். பெயர், ஊர், காரணம்.

அதனால் மைமூன் அவள் பெயர் இல்லை. சமோசாவும் அவள் செய்கிற வேலை இல்லை, அதற்குப் பக்கத்தில் ஒன்று. ரமீஜாக்கா தன் பெயரையும் மாற்றச் சொன்னார், கொடுத்ததைப் பீற்றிக்கொண்ட மாதிரி இருக்குமாம். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தில் தனக்குப் பிடித்த டீச்சர் பெயரைச் சொன்னார். உங்களுக்கு இவ்வளவு நேரத்தில் பழகிவிட்டது அந்தப் பெயர்தான்.

ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. மைமூன் என்ன சொல்லியிருப்பாள் என்று ஐந்து வாக்கியம் எழுதினேன். ஒன்றில் துஆ, அதாவது பிரார்த்தனை, இருந்தது. ஒன்றில் கோபமும் கொஞ்சம் சிரிப்பும். ஒன்று என்னையே அழவைத்தது. ஐந்தையும் கொண்டுபோய்ப் படித்தேன். ரமீஜாக்கா பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவ சொன்னது இதவிடச் சின்னது."

ஐந்தையும் அங்கேயே கிழித்துத் துணித்துண்டுகளோடு போட்டுவிட்டு வந்தேன். கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். மைமூன் சொன்னது உங்களுக்குத் தோன்றினால் மனதுக்குள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும்.

மைமூன் சொன்னாள்: "............"