நேராக ஒரு சால்

மேனேஜர் விட்லாக்குக்குக் கடவுள் பக்தி கொஞ்சம் மட்டுதான். நேர்கோட்டின் மேல் இருந்த பக்திக்கு அளவே கிடையாது. அமெரிக்காவின் டகோட்டாவில் அவர் பொறுப்பில் இருந்த கோதுமைப் பண்ணையில் காலையில் கலப்பைகள் கிளம்பினால், கோவேறு கழுதைகள் இழுக்க, ஒன்றன் பின் ஒன்றாகக் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை போகும். முன்னேர் ஓட்டுகிறவன் தூரத்தில் நட்ட கொடிக்கம்பைப் பார்த்து ஓட்டுவான். மற்றவர்கள் தங்களுக்கு முன்னால் கிழிபட்ட உழவுச் சால் தடத்தை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். முன்னேர் நின்றால் எல்லா ஏரும் நிற்கும்.

முன்னேர் குன்வால்டுடையது. நார்வேக்காரன். பண்ணையின் வடக்குத் துண்டு ஒரு காலத்தில் அவன் சொந்த நிலம். வெட்டுக்கிளி இரண்டு வெள்ளாமையைத் தின்று தீர்த்த பிறகு பண்ணைக்கே விற்றான். விற்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டான். தொண்டை அடைப்பான் நோய் கண்டு செத்துப்போன அவன் மகள் கூரோ அங்கே புதைந்து கிடந்தாள். ஒரு கட்டில் அகல இடம். அதில் மட்டும் கலப்பைக் கொழு படக் கூடாது. அதற்கென்ன என்று விட்லாக் கை கொடுத்தார். கை கொடுத்தால் போதும் என்று நம்பினான் மடையன்.

போன இலையுதிர் காலத்தில் புதுக் கொழு வாங்கிவர அவனை ஃபார்கோ நகரத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது வடக்குத் துண்டு முழுக்கக் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. கல்லறை எந்த இடம் என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. பண்ணைச் சமையல்கூடத்தில் வேலை பார்த்த அவன் மனைவி ராக்ன்ஹில்ட், மறுநாள் அடுப்பு மூட்டக் குனிந்தபோது சுள்ளிக் குவியலில் மகளின் பெயர் செதுக்கிய மரச்சிலுவையைக் கண்டாள்.

குன்வால்ட் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் நின்றான். விட்லாக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சால் யாருக்காகவும் வளையாதுப்பா. இன்னைக்கு உன் பொண்ணுக்காக வளைஞ்சா, நாளைக்கு எவன் எவன் பொண்ணுக்கெல்லாமோ வளையணும்."

வேலையை விட்டுவிட்டு வேறு ஊர் போகலாம் என்று குன்வால்ட் சொன்னபோது ராக்ன்ஹில்ட் எரிந்து விழுந்தாள். "பிள்ளை எங்க கிடக்குன்னே தெரியல, எதை விட்டுட்டு வரச் சொல்றே? அந்த ஆளும் ஒரு நாள் இப்படி நிக்கணும். அதைப் பார்க்காம நான் வரமாட்டேன்."

வசந்தத்தில் விட்லாக்கின் பெண்குதிரை ஜூனோ செத்தது. நேர்கோட்டுக்கு அடுத்தபடி அவருக்கு உயிர் அதன் மேல்தான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர், குழந்தை போல அழுதார். எங்கே புதைத்தார் என்று நினைக்கிறீர்கள்? அதே வடக்குத் துண்டில். கல் நட்டு, சுற்றிலும் வெள்ளையடித்த மரவேலி போட்டார். அடுத்த உழவில் சால் அந்த வேலியைச் சுற்றி அழகாக வளைந்து போனது.

"செத்தாலும் குதிரையாப் பொறந்து சாகணும்ண்ணே," என்றான் இரண்டாம் ஏர் ஓட்டும் ஊலுஃப்.

குன்வால்ட் சிரிக்கவில்லை. சால் வளைந்தது அவன் கையால்தான்.

இலையுதிர் காலத்தில் ஃபிலடெல்பியாவிலிருந்து முதலாளி விருந்தாளிகளோடும் படம் பிடிக்கிறவனோடும் வருவதாகச் செய்தி வந்தது. வடக்குத் துண்டு ரயில் நிற்கும் இடத்துக்குப் பக்கம் என்பதால் உழவை அங்கேயே காட்டுவதாக ஏற்பாடு. சால் வேலிப் பக்கமே போகாதபடி கொடிக்கம்புகளை வேலிக்கு நன்றாகக் கிழக்கே தள்ளி நடச் சொன்னார் விட்லாக். குன்வால்ட் சரிங்க துரை என்றான். அவர் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போன நேரத்தில், கம்புகளை வேலிக்கு நேராக நட்டான்.

ஏர்கள் கிளம்பின. பக்கத்திலேயே வண்டியில் விருந்தாளிகள் வந்தார்கள். விட்லாக் அவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கோணல் என்பதே இந்த மண்ணில் கிடையாது, ராஜாவே குறுக்கே படுத்தாலும் சால் வளையாது என்று அளந்துகொண்டே வந்தார். அவர் முன்னால் திரும்பிப் பார்த்தபோது வெள்ளை வேலி நெருங்கிவிட்டிருந்தது.

குன்வால்ட் கடிவாளத்தை இழுத்தான். முன்னேர் நின்றது. பின்னால் எல்லா ஏரும் நின்றன. விட்லாக் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து, வளைத்து ஓட்டு என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார்.

"வளைச்சு ஓட்டவா, துரை?" குன்வால்ட் வண்டிவரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். "யாருக்காகவும் வளையாதுன்னு சொல்லியிருக்கீங்களே."

முதலாளி இறங்கி வந்தார். அங்கே யார் புதைந்திருக்கிறார்கள் என்று கேட்டார். விட்லாக் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். கடைசியில், குதிரை என்றார். விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"என் கோதுமை நிலத்துல குதிரைக்கு வேலியா? என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க விட்லாக், அந்த ஆளு காத்துட்டிருக்கான்."

விட்லாக் வேலியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். குன்வால்ட் அவசரப்படவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"நேரா... ஓட்டு."

"காதுல விழலைங்க துரை."

"நேரா ஓட்டு!"

வேலியைப் பிடுங்கி ஓரமாக அடுக்கினார்கள். கல்லைப் புரட்டித் தள்ளினார்கள். குன்வால்ட் கழுதைகளை அதட்டினான். கொழு ஜூனோவின் மேலே புல்லைக் கிழித்துப் புரட்டியது. பின்னால் ஊலுஃப் வந்தான், அவனுக்குப் பின்னால் மற்ற ஏர்கள் ஒவ்வொன்றாக. கடைசி ஏர் போகும்வரை விட்லாக் அங்கேயே நின்றார். முதலாளி பக்கத்தில் இருந்ததால் அவரால் அழக்கூட முடியவில்லை. அதைப் பார்க்க குன்வால்டுக்கு இனித்தது.

மாலையில் வெள்ளைச் சட்டங்களைத் தோளில் சுமந்துவந்து சமையல்கூட அடுப்பருகே போட்டான்.

"அவன் வாயாலயே சொன்னானா?" என்று கேட்டாள் ராக்ன்ஹில்ட்.

"ரெண்டு தடவை."

அவள் சட்டங்களை முழங்காலில் வைத்து ஒடித்து அடுப்பில் திணித்தாள். ரொட்டி வெந்ததும் முதல் ரொட்டியைத் துணியில் சுற்றிப் பரிமாறுகிற பெண்ணிடம் கொடுத்தாள்.

"இது மேனேஜருக்கு. எந்த விறகுல வெந்ததுன்னும் சொல்லு."